முறைக்கொப்பி

பொலிசுக்கு எடுத்தால் ஜீப்புக்கு டீசல் இல்லையாம்.
ஓட்டோ அனுப்பினால் வரலாமாம்.
அனுப்பினோம். போக வர இரண்டாயிரம்,
தெருவுக்கே பிரித்துப் போட்டோம்.

மண்முனைப் பாலம் தாண்டி வந்தவர் ஒருவர்தான்.
களைத்திருந்தார்.
மோட்டர் கழற்றிய என் கிணற்றை எட்டிப் பார்த்தார்,
தண்ணீரில் தன் தொப்பியைப் பார்த்தார்,
தேத்தண்ணி குடித்தார்.
நிலையத்தில் பதினொரு பேர், ஊர்கள் இருபத்தெட்டு,
விரல் மடித்துக் காட்டினார்.
"நீங்கதான் ஒள்ளுப்பம் பாத்துக் கொள்ளணும்."
எங்கள் சொல்லையே கற்றிருந்தார், பாவம்.

மறுகா நாங்கள் பார்க்கத் தொடங்கினோம்.

எண்பது பக்கக் கொப்பி என் கடையிலிருந்து.
பள்ளிக்கூடத்து விசில் ஒன்று, டோச் இரண்டு,
கதிர்காமத்தம்பியின் பொல்லு.
கள்ளனுக்கு விசில், யானைக்குத் தகரம்,
மாற்றி அடித்தால் ஊரே தவறான பக்கம் ஓடும்
என்று முதல் பக்கத்தில் எழுதினேன்.
மூன்றாம் இரவு டிலக்சன் மாட்டுக்கு விசில் ஊதினான்.

பொம்பிளைகளுக்கு முறை வேண்டாம் என்றார் செயலாளர்.
மோட்டர் போனது என்ட கிணத்திலதானே என்று
பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்கு
என் பெயரை நானே எழுதினேன், பேனையால்.

ஒன்பதாம் இரவு.
சோடிக்கு வந்த கமலேசு தண்ணீர் குடிக்கப் போயிருந்தான்.
வாவிப் பக்கமிருந்து லைட் இல்லாத சைக்கிள்.
காரியரில் உரப்பை. உள்ளே ஏதோ அசைந்தது.
நடு ரோட்டில் நின்று
முகத்துக்கு நேரே டோச்சை அடித்தேன்.
"ஆர் அது? எங்க போய்ட்டு வாறாய்? பைக்குள்ள என்ன?"

மூன்று கேள்வி, அதே வரிசையில்.
என் வாய் எவ்வளவு காலம்
அவற்றைப் பாடமாக்கி வைத்திருந்தது!

சைக்கிள் சரிந்தது. அவன் பிடிக்கவில்லை.
இரண்டு கையும் தலைக்கு மேல் போய் நின்றன,
ஆரும் சொல்லாமல்,
விரல்கள் விரிந்தபடி.
உரப்பை அவிழ்ந்து
இறால் ரோட்டில் துள்ளியது.

நேசதுரை.
என் கடைக்குக் கிடுகு வேய்ந்தவன்.
மூத்த மகள் ஏ.எல். படிக்கிறாள்.
வயது நாற்பத்தாறு,
கைகள் மட்டும் இருபதில் நின்றன.

"கையை இறக்கு, நான் அருள்மலர்."
இறக்கவில்லை.
வெளிச்சம் இன்னும் அவன் கண்ணுக்குள்தான் இருந்தது,
எனக்கு அது பிறகுதான் உறைத்தது.
டோச்சைத் தாழ்த்தி மறுபடி சொன்னேன்.
ஒரு கை இறங்கியது,
மற்றது கொஞ்சம் யோசித்தது.

தார் ரோட்டில் குந்தியிருந்து
இருவரும் இறால் பொறுக்கினோம்.
எத்தனை நிமிடம் என்று தெரியாது.
கமலேசு வந்து, என்ன ஏதென்று கேட்டு,
விடை கிடைக்காமல் அவனும் குந்தினான்.

புறப்படும்போது நேசதுரை
ஒரு கை இறாலை என் பக்கம் நீட்டினான்.
"போகலாமா?" என்றான்.
அன்போடு நீட்டியிருந்தால் வாங்கியிருப்பேன்.
அந்த நீட்டலை எனக்குத் தெரியும்.
சோதனைச் சாவடியில் என் அப்பா
பப்பாப்பழத்தை அப்படித்தான் நீட்டினார்.

விடியக் கொப்பியில் எழுதினேன்:
வெளிச்சம் காலுக்கு மட்டும்.
முதலில் எங்கட பெயரைச் சொல்ல வேணும்,
பிறகுதான் கேட்க வேணும்.
கள்ளனுக்குப் பெயர் சொல்லுற காவலா என்று
செயலாளர் சிரித்தார். அடிக்கவில்லை, அழிக்கவுமில்லை.

மோட்டர் கிடைக்கவில்லை.
செங்கலடிச் சந்தையில் ஒன்று பார்த்தேன்,
பச்சைப் பெயின்ட் புதிதாய் இருந்தது. கேட்கவில்லை.
பொலிஸ்காரருக்கு இடமாற்றமாம்.
நேசதுரை சைக்கிளுக்கு லைட் பூட்டியிருக்கிறான்,
அதைப் பார்க்க எனக்கு ஏனோ சந்தோசமில்லை.

இன்றைக்கு என் முறை இல்லை.
படுத்திருக்கிறேன். சந்தியில் கேட்கிறது:
"நான் கமலேசு. வாறது ஆரு?"

பதிலைக் காணோம்.
மாடு போல.